கோரல் டிரா கோப்பை கோரல் இல்லாமல் படிக்க வேண்டும்: எங்கே தொடங்குவது?

அச்சுக்கட்டை · ஞாயிறு இரவு 9:12

வணக்கம். அப்பா சிவகாசியில் 1996 முதல் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாமே கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்ததுதான். ஹார்ட் டிஸ்க்கில் மூவாயிரத்துக்கு மேல் கோரலின் சிடிஆர் கோப்புகள் இருக்கின்றன. கோரல் போட்டிருந்த கணினி போன மாதம் நின்றுவிட்டது. என்னிடம் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி.

எனக்கு முக்கியமாக வேண்டியது அந்தக் கோப்புகளில் உள்ள எழுத்து. கொடை நோட்டீஸ் என்றால் வரிதாரர்கள் பெயர் ஒரு வரிசையில் வரும். அந்த வரிசையை வருஷா வருஷம் அப்படியே போட வேண்டும். ஒரு பெயர் முன்பின் ஆனாலும் ஊரில் பேச்சு வந்துவிடும். அப்பா பழைய கோப்பைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி பிளேட்டுக்கு அனுப்பிவிடுவார். இப்போது திறக்கவே வழியில்லை.

பைத்தான் நிரல்மொழி தெரியும். ஒரு கோப்பை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். முதல் நான்கு எழுத்து ஆர், ஐ, எஃப், எஃப். கொஞ்சம் தள்ளி சி, டி, ஆர், 9. அதற்குப் பிறகு ஒன்றும் புரியவில்லை. இந்த வடிவத்தை விளக்கும் ஆவணம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எங்கே தொடங்கலாம்?

இருமஎண் · ஞாயிறு இரவு 10:05

நல்ல இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த நான்கு எழுத்தே பாதி விடை. ரிஃப் என்பது மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-இல் கொண்டுவந்த பொதுவான பொட்டலக் கட்டு. வேவ் ஒலிக்கோப்பும் ஏவிஐ வீடியோவும் இதே கட்டுதான். நான்கு எழுத்தில் ஒரு பெயர், நான்கு பைட்டில் நீளம், அதன் பிறகு அந்த நீளத்துக்குச் சரக்கு. இப்படி ஒரு துண்டு. லிஸ்ட் என்ற பெயருள்ள துண்டுக்குள் மற்ற துண்டுகள் இருக்கும். சாப்பாட்டுக் கேரியர் மாதிரி அடுக்கு அடுக்காக இறங்கிக்கொண்டே போகலாம்.

சிடிஆர் 9 என்றால் கோரலின் 9-ஆம் பதிப்பில் சேமித்தது. 10-ஆம் பதிப்புக்கு அந்த இடத்தில் ஏ வரும், 11-க்கு பி, 12-க்கு சி. 2008-இல் வந்த எக்ஸ்4 முதல் வெளிக்கட்டு மாறிவிட்டது. கோப்பு முழுவதும் ஸிப். அதை விரித்தால் உள்ளே பழைய ரிஃப் தனிக்கோப்பாக உட்கார்ந்திருக்கும். எக்ஸ்6 முதல் அந்த ரிஃப்பிலிருந்தும் பெரிய சரக்குகளைப் பிரித்துத் தனித்தனித் தரவுக் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள்.

இதை எல்லாம் கண்டுபிடித்து எழுதியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிப்சிடிஆர் என்று ஒரு நூலகம், அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு, இருக்கிறது. 2012-இல் லிப்ரேஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் 3.6 பதிப்பு வந்தபோது அதோடு சேர்ந்து வந்தது. வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பும் 0.91 பதிப்பு முதல் அதையே பயன்படுத்துகிறது, பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸும் அப்படித்தான். முதலில் உங்கள் கோப்பை லிப்ரேஆபிஸ் டிராவில் திறந்து பாருங்கள்.

மதுரை_வரைகலை · ஞாயிறு இரவு 10:31

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். தெரிந்த கடையில் கோரல் இருந்தால் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்துவிடுங்கள். மூவாயிரம் கோப்புக்கு மேக்ரோ எழுதினால் தானாக ஓடும். பைட் பைட்டாக உட்கார்ந்து பார்ப்பது ஆர்வமிருப்பவர்களுக்குச் சரி. தொழில் நடத்துகிறவர்களுக்கு நாளை காலை வேலை நடக்க வேண்டும்.

அச்சுக்கட்டை · திங்கள் காலை 7:48

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. இந்த வருஷக் கோப்புகளைச் சித்தப்பா கடையில் அப்படித்தான் பிடிஎஃப் எடுத்தேன். அங்கே உரிமம் வாங்கிய கோரல் இருக்கிறது. ஆனால் பிடிஎஃப்பில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட முடியவில்லை. வரி வரியாக உடைந்து போகிறது. லேயரும் போய்விடுகிறது.

@இருமஎண் லிப்ரேஆபிஸில் திறந்தேன். திறந்ததே எனக்கு ஆச்சரியம்! அம்மன் படம், ஓரத்துப் பூவேலை, கட்டம், நிறம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. தமிழ் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. அப்பா பயன்படுத்திய பழைய ஃபான்ட்டைப் போட்டதும் சரியாகத் தெரிந்தது. ஆனால் நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் மறுபடியும் அரைப்புள்ளிதான். ஆக எனக்கு இரண்டு பூட்டு இருக்கிறது போலிருக்கிறது: கோப்பு வடிவம் ஒன்று, ஃபான்ட் ஒன்று.

எப்படியும் உள்ளே என்ன இருக்கிறது என்று நானே பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. கற்றுக்கொடுங்கள்.

தறிநூல் · திங்கள் காலை 9:20

உள்ளே போகும் முன் ஒரு கேள்வி. இப்படி ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவத்தைத் துருவுவது சட்டப்படி சரியா? நான் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறேன். இந்தப் பயத்திலேயே இந்தப் பக்கம் வராமல் இருக்கிறேன்.

வழக்குமன்றம் · திங்கள் காலை 11:02

வழக்கறிஞராக இருப்பதால் பதில் சொல்கிறேன். இதைத் தனிப்பட்ட சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. 1999 திருத்தத்தில் 52(1)-இல் ஒரு கூறு சேர்ந்தது. ஒருவர் தனியாக உருவாக்கிய நிரல் மற்ற நிரல்களோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெற, நிரலை முறைப்படி வைத்திருப்பவர் செய்யும் செயல்கள் மீறல் ஆகாது. நிபந்தனை: அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 2012 மே 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சாஸ் இன்ஸ்டிடியூட், வேர்ல்ட் புரோகிராமிங் என்ற இரண்டு மென்பொருள் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒரு நிரல் என்ன வேலை செய்கிறது என்பதும், அது பயன்படுத்தும் தரவுக் கோப்பின் வடிவமும் நிரலுக்குரிய பதிப்புரிமையின் கீழ் வராது. லிப்சிடிஆர் உருவாக்கியவர்கள் ஐரோப்பாவோடு தொடர்புள்ளவர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

நடைமுறையில் இரண்டைக் கடைப்பிடியுங்கள். மென்பொருளைப் பிரித்து உள்நிரலைப் பார்க்க வேண்டாம், கோப்பை மட்டும் பாருங்கள். கசிந்த ஆவணம் என்று யாராவது அனுப்பினால் திறக்க வேண்டாம். அச்சுக்கட்டை கேட்பது அவர் அப்பா வரைந்த நோட்டீஸ். அதில் இருக்கும் பெயர் வரிசை எந்த மென்பொருள் நிறுவனத்தின் சொத்தும் அல்ல.

இருமஎண் · திங்கள் இரவு 9:40

@அச்சுக்கட்டை சரி, பயிற்சி தொடங்கலாம். நோட்டீஸைத் தொடாதீர்கள். அதில் ஆயிரம் பொருள் இருக்கும், எது எதற்கு என்று தெரியாது. சித்தப்பா கடையில் இப்படிச் செய்யுங்கள்:

வெறும் பக்கம். ஒரு செவ்வகம், அகலம் 10 மில்லிமீட்டர். சேமியுங்கள். மூடிவிட்டுப் புதுப் பக்கம் திறந்து அதே செவ்வகம், அகலம் மட்டும் 20. வேறு பெயரில் சேமியுங்கள். இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது எதனால் மாறியது என்று தெரியாமல் இரவு முழுக்க உட்கார வேண்டியிருக்கும். மேஜையில் ஒரு நோட்டு வைத்து, எந்தக் கோப்பில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள். கோப்பின் பெயரை நம்பி இருக்காதீர்கள்.

சேமிக்கும்போது பதிப்பு எது என்று கேட்கும். பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கணக்கையும் தந்துவிடுகிறேன். பழைய பதிப்புகளில் அளவு 16 பிட் எண், ஓர் அங்குலத்துக்கு 1,000. பிறகு 32 பிட் ஆனது, ஓர் அங்குலத்துக்கு 2,54,000. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 10,000. கனடா நிறுவனம், அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் பின்னம் வராமல் இருக்க இந்த எண்ணைப் பிடித்திருக்கலாம் என்பது என் ஊகம். உங்கள் 10 மில்லிமீட்டர் 1,00,000 ஆக இருக்கும். சின்ன பைட் முதலில் வரும், ஆகவே 160, 134, 1, 0 என்று தேடுங்கள்.

அச்சுக்கட்டை · புதன் இரவு 8:15

செய்தேன், கிடைக்கவில்லை. இரண்டு கோப்பும் தொடக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் ஓரிடத்திலிருந்து கடைசிவரை எல்லா பைட்டும் வேறு வேறாக இருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் அகலத்துக்கு இவ்வளவா மாறும்?

இருமஎண் · புதன் இரவு 8:50

அது சுருக்கிய பகுதி. வித்தியாசம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே சி, எம், பி, ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த லிஸ்ட்டுக்குள் இருப்பதெல்லாம் ஸெட்லிப் என்ற சுருக்க நூலகத்தின் முறையில் சுருக்கியது. சுருக்கிய தரவில் ஒரு பைட் மாறினால் அடுத்தடுத்து எல்லாம் மாறிவிடும். பைத்தானிலேயே ஸெட்லிப் இருக்கிறது, விரித்துப் பாருங்கள்.

அச்சுக்கட்டை · வியாழன் இரவு 11:30

சி-எம்-பி-ஆர் இருந்தது. விரித்துவிட்டேன். துண்டுகளின் பெயரெல்லாம் இப்போது தெரிகிறது: பேஜ், லேயர், ஆப்ஜ். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நீளம் 0, 1, 2, 3, 4 என்று வரிசையாகப் போகிறது. ஒரு பக்கத்தின் நீளம் 3 பைட் எப்படி இருக்கும்? என் ஸ்கிரிப்ட் நீளம் 0 என்ற இடத்தில் நகராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரமாக இதையே பார்க்கிறேன்.

இருமஎண் · வெள்ளி காலை 6:55

இந்த வடிவத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். நீங்களாகவே 0, 1, 2, 3 என்று கவனித்துவிட்டீர்கள். அவை நீளம் அல்ல. அவை வரிசை எண்.

அந்த சி-எம்-பி-ஆர் பொட்டலத்துக்குள் சுருக்கிய ஓடை ஒன்றல்ல, இரண்டு. முதலாவது நீங்கள் விரித்தது. அது முடிந்த இடத்துக்குப் பின்னால் இன்னொரு சின்ன ஓடை இருக்கும். அதை விரித்தால் நான்கு நான்கு பைட்டாக எண்கள் வரும். அதுதான் நீளப் பட்டியல். துண்டின் தலையில் 3 என்று இருந்தால், பட்டியலில் பூஜ்யத்திலிருந்து எண்ணி 3-ஆவது இடத்தில் இருப்பதுதான் உண்மையான நீளம்.

ஸ்கிரிப்ட் சுற்றிக்கொண்டே இருந்தது என்றீர்களே, அதை மறக்காதீர்கள். கோப்பு சொல்கிற நீளத்தை அப்படியே நம்பும் நிரல் ஆபத்தானது. வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்பு ஒன்று வந்தால் நினைவகம் முழுவதையும் தின்றுவிடும், இல்லையென்றால் வரம்பு தாண்டி எழுதும். ஒவ்வொரு நீளத்தையும் "மீதமுள்ள பைட்டை விடப் பெரியதா?" என்று கேட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும். இந்த மாதிரி நூலகங்களுக்குத் தாறுமாறான கோப்புகளை லட்சக்கணக்கில் ஊட்டிச் சோதிப்பது இதனால்தான்.

பழைய_டிடிபி · வெள்ளி காலை 8:10

1993-லிருந்து கோரலில் வேலை பார்த்தவன். ஒன்று சொல்கிறேன் அம்மா. சேமிக்கிற பெட்டியில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் பிட்மேப்பைச் சுருக்கு, பொருள்களைச் சுருக்கு என்று இரண்டு டிக் இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டுச் சேமி. சுருக்காமல் எழுதும். நாங்கள் ஃப்ளாப்பியில் இடம் பத்தாது என்று அதைப் போட்டுவைப்போம். உனக்கு அது வேண்டாம்.

அச்சுக்கட்டை · சனி இரவு 10:20

ஐயா, மிக்க நன்றி! டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்ததும் இரண்டு கோப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. 'லோடா' என்ற துண்டுக்குள் ஒரு கோப்பில் 160, 134, 1, 0. இன்னொன்றில் 64, 13, 3, 0. கணக்குப் போட்டேன்: 3 முறை 65,536, 13 முறை 256, அதோடு 64. கூட்டினால் சரியாக 2,00,000. இருபது மில்லிமீட்டர்!

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா வந்து திரையைப் பார்த்துவிட்டு, "பேக்கிங்குக்கு ஒரு மில்லி கூட வைப்போமே, அது பத்தாயிரமா?" என்று கேட்டார்.

அடுத்துச் சிவப்பு நிறம் போட்டுப் பார்த்தேன். மெஜந்தா 100, மஞ்சள் 100. கோப்பில் அப்படியே 0, 100, 100, 0 என்று இருக்கிறது. அச்சகத்தில் சொல்கிற அதே விழுக்காடு.

பிறகு அகலத்தைத் தொடாமல் செவ்வகத்தை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினேன். ஏ4 பக்கத்தில் இடது விளிம்பு 115 மில்லிமீட்டரில் ஒரு கோப்பு, 125-இல் இன்னொரு கோப்பு. இப்போது லோடா துண்டு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது! 11,50,000 என்ற எண்ணைக் கோப்பு முழுவதும் தேடினேன், எங்கேயும் இல்லை. 'டிஆர்எஃப்டி' என்ற வேறொரு துண்டில் மாறியிருப்பது இரண்டே பைட்: 248, 64 என்று இருந்தது 8, 65 ஆகியிருக்கிறது. இதில் 115 எங்கே இருக்கிறது?

இருமஎண் · ஞாயிறு காலை 7:30

அந்த இரண்டு பைட்டுக்கு முன்னால் 0, 0, 0, 0, 0, 106 இருக்கிறதா? இருந்தால் விடை கிடைத்தாயிற்று.

முதல் விஷயம்: உருவமும் இடமும் தனித்தனி. லோடா துண்டு "நான் இவ்வளவு அகலமான செவ்வகம்" என்று மட்டும் சொல்கிறது. எங்கே வைப்பது, எவ்வளவு திருப்புவது, இழுப்பது எல்லாம் டிஆர்எஃப்டி துண்டில் ஆறு எண்ணாக இருக்கிறது. பள்ளியில் படித்த அணிதான், அதாவது மேட்ரிக்ஸ்.

இரண்டாவது: அந்த ஆறும் முழு எண் அல்ல, எட்டு பைட் தசம எண் (ஃப்ளோட்டிங் பாயின்ட்). 0, 0, 0, 0, 0, 106, 248, 64 என்ற எட்டு பைட்டைத் தசம எண்ணாகப் படித்தால் 1,00,000. கடைசி இரண்டு 8, 65 ஆனால் 2,00,000. மதிப்பு இரட்டிப்பானதால் அதற்குள் இருக்கும் இரண்டின் அடுக்கு மட்டும் ஒன்று ஏறியது, மற்ற ஆறு பைட்டும் அசையவில்லை. நீங்கள் வேறு தொலைவுக்கு நகர்த்தியிருந்தால் இவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருக்காது.

மூன்றாவது: 115 எப்படி 10 ஆனது? கோப்புக்குள் தொடக்கப்புள்ளி பக்கத்தின் மூலை அல்ல, பக்கத்தின் நடு. ஏ4 அகலம் 210, பாதி 105. 115-லிருந்து 105 போனால் 10. திரையில் தெரியும் அளவுகோல் வேறு, கோப்பு வைத்திருக்கும் அளவுகோல் வேறு. இதில் தடுமாறாத ஆளே கிடையாது.

இன்னும் ஒன்று பாருங்கள். லோடா துண்டின் தலையில் ஐந்து எண் இருக்கும்: மொத்த நீளம், எத்தனை உருப்படி, உருப்படிகள் இருக்கும் இடங்களின் பட்டியல் எங்கே, அவற்றின் வகைப் பட்டியல் எங்கே, இது என்ன பொருள். கடைசி எண் 1 என்றால் செவ்வகம், 2 நீள்வட்டம், 3 கோடும் வளைவும், 4 அலங்கார எழுத்து, 5 படம், 6 பத்தி எழுத்து. இடப் பட்டியல் முன்னிருந்து பின்னாகவும் வகைப் பட்டியல் பின்னிருந்து முன்னாகவும் எழுதப்பட்டிருக்கும். முதல் இடத்துக்கு உரிய வகை கடைசியில் கிடக்கும். வகை எண்களை ஹெக்ஸில் பார்த்தால் பிடிபடாது, பத்தடிமானத்தில் பாருங்கள்: வெளிக்கோடு 10, உள்நிறம் 20, அளவுகள் 30, நடை 200. நடுவில் புதிதாகச் சேர்க்க இடம் வேண்டும் என்று யாரோ பத்துப் பத்தாக விட்டு எண் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முகம் தெரியாத அந்தப் பொறியாளரின் கையெழுத்து மாதிரி இருக்கும் எனக்கு.

தறிநூல் · ஞாயிறு காலை 10:15

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ரஸ்ட் மொழியில் இதற்குப் புதிதாக ஒரு நூலகம் எழுதலாமா என்று யோசிக்கிறேன். நினைவகச் சிக்கல்களும் வராது.

இருமஎண் · ஞாயிறு காலை 11:40

கற்றுக்கொள்ள எழுதுங்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்த என்றால் வேண்டாம் என்பேன். செவ்வகத்தைப் படிக்க ஒரு வாரம் போதும். 1992-இன் கோப்பும் 2012-இன் கோப்பும் ஒரே நிரலில் திறக்க வருஷங்கள் ஆகும். ஒவ்வொரு பதிப்பிலும் ஏதோ ஓர் இடம் இரண்டு பைட்டிலிருந்து நான்கு பைட் ஆகியிருக்கும்.

இது ஒருவர் தோளில் வந்ததல்ல. எஸ்கே1 என்ற கட்டற்ற வரைகலைத் திட்டத்தினர் யூனிகன்வெர்ட்டர் என்ற கருவியில் சிடிஆர் படிக்க முதலில் வழி போட்டார்கள். வலெக் ஃபிலிப்போவ் கோப்புகளைத் துருவுவதற்கென்றே ஓஎல்இ டாய் என்ற கருவியை எழுதி, துண்டு துண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தார். ஃபிரிட்ரிச் ஸ்ட்ர்பா அதை நூலகமாக்கினார். மற்ற மென்பொருள்களின் கோப்புகளுக்கும், விசியோவுக்கு லிப்விசியோ, பப்ளிஷருக்கு லிப்எம்எஸ்பப், ஃப்ரீஹேண்டுக்கு லிப்ஃப்ரீஹேண்ட் என்று ஒரே குடும்பமாக வளர்ந்து, 2014 ஏப்ரலில் ஆவண விடுதலைத் திட்டம் என்ற பெயரில் ஒரு குடையின் கீழ் வந்தது. லிப்சிடிஆரின் உரிமம் எம்பிஎல் 2.0, யாரும் எடுத்துச் சேர்க்கலாம். அங்கே போய் ஒரு பிழையைச் சரிசெய்தால் லிப்ரேஆபிஸ், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் மூன்றுக்கும் போய்ச் சேரும். புது நூலகம் உங்கள் மடிக்கணினியோடு நின்றுவிடும்.

அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நிரல்கூட இல்லை. மாதிரிக் கோப்பு. இந்தப் பதிப்பு, இந்த ஒரு பொருள், திரையில் இப்படித் தெரிந்தது என்று குறிப்போடு ஒரு கோப்பு அனுப்பினால் பல நாள் வேலை மிச்சம். அதற்குத்தான் செவ்வகப் பயிற்சி கொடுத்தேன். கோப்பு திறக்கவில்லை என்று மட்டும் சொல்லாமல், எந்தத் துண்டில் எந்த பைட் என்று அச்சுக்கட்டை இனி சொல்ல முடியும்.

எழுத்துருக்காரன் · ஞாயிறு மாலை 5:00

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பூட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை லிப்சிடிஆர் திறக்காது, திறக்கவும் முடியாது. அது கோரலின் பூட்டு அல்ல, நம்முடையது.

எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வரும் முன் தமிழ் எழுத்தின் வடிவங்களை ஆங்கில எழுத்தின் இருக்கைகளில் உட்கார வைத்தோம். பாமினி என்ற ஃபான்ட்டில் எம் என்றால் அ. கே என்றால் ம. அரைப்புள்ளி என்றால் மெய்ப்புள்ளி. எச் என்றால் துணைக்கால். ஆக 'அம்மா' என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். கோரலுக்கு அது தமிழ் என்றே தெரியாது. அது கோப்பில் எழுதியதை லிப்சிடிஆர் சரியாகத்தான் படித்துக் கொடுக்கிறது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்ற இருக்கை வரிசைகளாகத் தரப்படுத்தினார்கள். டிஸ்கி என்ற இன்னொரு வரிசை தனியாக இருந்தது. கடைகளில் ஓடிய ஃபான்ட்டுகள் பல, ஒவ்வொன்றுக்கும் இருக்கை வரிசை வேறு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

ஃபான்ட் பெயர் கோப்பிலேயே தனித் துண்டில் இருக்கிறது. ஒரே வரியில் பெயர் தமிழ் ஃபான்ட்டிலும் தொலைபேசி எண் ஆங்கில ஃபான்ட்டிலும் இருக்கும். வரி முழுவதையும் மாற்றினால் ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பும். ஃபான்ட் மாறும் இடங்களில் வெட்டி, தமிழ்த் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.

பழைய ஃபான்ட்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம். 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று இருக்கை. யூனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி ஒன்றே. மூன்று இரண்டாகிவிடும், வரிசையும் மாறும். கோரல் ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக ஒரு நடைக்குறிப்பு வைத்திருக்கிறது. எழுத்தை இடம் மாற்றும்போது குறிப்பையும் கூடவே நகர்த்தாவிட்டால், ஊர்த்தலைவர் பெயரில் இருக்க வேண்டிய சிவப்பு அடுத்த பெயரின் முதல் எழுத்துக்குத் தாவிவிடும்.

டாப், டிஸ்கி மாதிரி மேல்பாதி இருக்கைகளை, அதாவது 128-க்கு மேல், பயன்படுத்தும் ஃபான்ட்டில் இன்னொரு சிக்கல். படிக்கும் நூலகம் அதை மேற்கத்திய விண்டோஸ் குறியீடு என்று எண்ணி யூனிகோடாக மாற்றியே தரும். 128 என்ற பைட் யூரோ குறியாகவும் 147 வளைந்த மேற்கோளாகவும் வந்து நிற்கும். முதலில் அதைப் பழைய பைட்டாகத் திருப்பிவிட்டுத்தான் தமிழ் அட்டவணையைப் போட வேண்டும். நிறையப் பேர் இந்தப் படியை விட்டுவிட்டு, எழுத்து பாதி வருகிறது பாதி வரவில்லை என்று ஃபான்ட்டைக் குறை சொல்கிறார்கள்.

கடைசியாக, வேறு ஊர் பிளேட் கடைக்கு அனுப்பும்போது "கர்வ் போட்டுக் கொடுங்க" என்று கேட்டிருப்பார்கள். அப்படிக் கொடுத்த கோப்பில் எழுத்தே இருக்காது, வளைவு மட்டும்தான். லோடா வகை 4-உம் 6-உம் இல்லாமல் 3 மட்டும் இருக்கிற கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அச்சுக்கட்டை · அடுத்த வெள்ளி இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் சொந்த ஸ்கிரிப்ட்டை, எந்தக் கோப்பில் எழுத்து இருக்கிறது, எதில் வளைவு மட்டும் என்று பிரிக்க மட்டும் வைத்துக்கொண்டேன். எழுத்தை எடுக்க லிப்சிடிஆரோடு வரும் கருவிகளையே பயன்படுத்துகிறேன். ஃபான்ட் பெயரோடு எடுத்து, துண்டாக வெட்டி, அட்டவணை போட்டு மாற்றுகிறேன். முதலில் 2003 கொடை நோட்டீஸ். நாற்பத்திரண்டு பெயர், வரிசை மாறாமல் வந்துவிட்டது.

ஒன்பதாவது பெயருக்கு முன்னால் மட்டும் பொருந்தாத ஓர் அடைப்புக்குறி நிற்கிறது. பாமினி அட்டவணையில் அந்த இருக்கைக்கு ஒன்றும் இல்லை.

எழுத்துருக்காரன் · வெள்ளி இரவு 9:30

அந்த ஃபான்ட்டின் பெயர் சரியாக பாமினிதானா, இல்லை அதைப் பார்த்துக் கடையில் யாராவது திருத்திய வேறு ஃபான்ட்டா? காலி இருக்கையில் ஸ்ரீ, ரூபாய், பிள்ளையார் சுழி என்று தேவைக்கு ஏற்ப சேர்த்து வைப்பார்கள். ஊகத்தில் அட்டவணையில் ஏற்ற வேண்டாம். கோப்புக்குள் சின்ன முன்னோட்டப் படம் 'டிஸ்ப்' என்ற துண்டில் இருக்கும், அதில் பாருங்கள். அது தெளிவாக இல்லையென்றால் அச்சான நோட்டீஸைத் தேடுங்கள்.

அச்சுக்கட்டை · சனி காலை 7:20

முன்னோட்டத்தில் மங்கலாகத்தான் தெரிந்தது. அப்பா பரணில் ஏறி 2003 கட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வேலையிலும் ஒரு தாள் எடுத்துக் கட்டி வைப்பது அவர் வழக்கம். ஓரம் பழுப்பேறியிருந்தது, மை அப்படியே இருக்கிறது. ஒன்பதாவது பெயருக்கு முன் ஸ்ரீ. ஃபான்ட்டின் பெயரில் பாமினிக்குப் பின்னால் 2 என்று ஓர் எண்ணும் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அதற்குத் தனி அட்டவணை போட்டுவிட்டேன்.

செவ்வகக் கோப்புகள் பதினான்கையும் எதில் என்ன மாற்றினேன் என்ற நோட்டுக் குறிப்போடு ஆவண விடுதலைத் திட்டத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு 2004 நோட்டீஸ்.